மாமியாரைத் தின்ன நாய்

இல்லம்மா, கடிக்காது. பயப்படாம வாங்க. வாய்ப்பூட்டு போட்டிருக்கேன் பாருங்க. விலா எலும்ப அப்படிப் பாக்காதீங்க, நாங்க சோறு போடாம இல்ல. அந்த ஜாதியே அப்படித்தான், ஓட்டப்பந்தயத்துக்குன்னே செஞ்ச உடம்பு. உங்க கேட் முன்னால வந்து நின்னது நின்னதுதான், நகர மாட்டேங்குது. இழுத்து இழுத்து என் தோள்பட்ட கழண்டதுதான் மிச்சம். என்னத்தையோ பாத்துக்கிட்டிருக்கு, பாத்து முடிக்கட்டும். ஒரு வாய் தண்ணி கெடைக்குமா? எனக்குத்தான். அது இப்ப இருக்கற இருப்புல ஆத்தையே கொண்டுவந்து வெச்சாலும் குனியாது.

நல்லா இருங்க. அப்படியே இந்தப் படில உக்காந்துக்கறேன்.

எங்கயும் இல்லம்மா, சும்மா ஒரு நடை. கடைசி நடை. சாயங்காலம் வண்டி வருது, இதக் கொண்டுபோக. வேற எங்க, கூண்டுக்குத்தான். ஓடி ஓஞ்ச பந்தய நாய்ங்கள வரிசையா அடச்சு வெச்சிருப்பாங்களே, அந்த எடம். அங்கேர்ந்துதான் என் பொண்ணு எடுத்துட்டு வந்தா. இப்ப திரும்பிப் போனா வேற யாரும் எடுக்க மாட்டாங்க. உயிரத் தின்ன நாய்னு பேராயிடுச்சுல்ல. அப்பறம் சாகற வரைக்கும் கம்பிதான்.

ஆமா. என் மாமியாரத் தின்னுடுச்சு.

ஐயய்யோ, உள்ள ஓடாதீங்க! பூனைம்மா, பூனை. மாமியார்ங்கறது பூனையோட பேரு. பீரோ மேல ஏறி உக்காந்துக்கிட்டு, கீழ நாம சாப்பிடறது, துணி மடிக்கறது, பேசறது எல்லாத்தையும் ஒரு பார்வ பாக்கும் பாருங்க, ஒண்ணுமே சரியில்லங்கற மாதிரி. அதான் அந்தப் பேரு. வெச்சது நான்தான். என் பொண்டாட்டி இருந்திருந்தா நாய் வரைக்கும் காத்திருக்க வேணாம், அவளே என்னத் தின்னுருப்பா.

அவ போனதுக்கப்பறம் வந்து சேந்த பூனை அது. மதியத்துல நான் படுத்தா நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கும். நான் பேசிக்கிட்டே இருப்பேன், அது கேட்டுக்கிட்டே இருக்கும். நடுவுல எந்திரிச்சுப் போகாம என் பேச்சக் கேட்ட ஒரே ஜீவன்.

நானா, லிஃப்ட் ஓட்டிக்கிட்டிருந்தேன். பெரிய ஆபீஸ் கட்டடம். ஒரு நா பட்டன கொஞ்சம் ஓங்கி அமுக்கிட்டேன், லிஃப்ட் மொட்டமாடியத் தாண்டி மேல போயிடுச்சு. கதவு தொறந்தா ஒரு காக்கா உள்ள வந்து, றெக்க வலிக்குது, கீழ எறக்கி விடுங்கன்னு நிக்குது. சிரிங்க, சிரிங்க. என் வீட்ல யாரும் சிரிக்கறதில்ல. அப்பா என்ன சொன்னாலும் பாதியக் கழிச்சுக்கோங்கன்னு வர்றவங்ககிட்டல்லாம் என் பொண்ணு முன்கூட்டியே சொல்லி வெச்சுடுவா. நான் கோவிச்சுக்கிட்டதில்ல. வீட்டுக்கு ஒரு பொய்யன் வேணும்ல, அந்த வேலைய நான் பாத்துக்கிட்டிருந்தேன்.

ஆங், நாய் கதைக்கு வரேன்.

அம்புன்னு பேரு. வந்த அன்னிக்கு வாசல்ல ஒரு காகிதம் பறந்துச்சு. இது கெளம்புச்சு பாருங்க, நெழல் பின்னாலயே தங்கிப்போச்சு. சத்தியமா! நாய் தெருக்கோடியத் தொட்டுட்டுத் திரும்பி வருது, நெழல் அப்பத்தான் எங்க வாசலத் தாண்டி எதுக்க போகுது. சரி, பாதியக் கழிச்சுக்கோங்க. மிச்சம் இருக்கறதே பயங்கரம்தான்.

உள்ள வந்துச்சு. பீரோ மேல மாமியார். இது நிமிந்து பாத்துச்சு. குரைக்கல, உறுமல. கல்லு மாதிரி நின்னு, தோல் மட்டும் நடுங்குது. எங்கிட்ட ஒரு ஆமையும் உண்டு, பெரியவர்னு கூப்புடுவோம். நல்லவேளையா அவரு ஒரு உயிருன்னு இதுக்குத் தெரிய ரொம்ப நாளாச்சு. தெரிஞ்ச அன்னிக்கு அவர வாளிக்குள்ள வெச்சுக்கிட்டு நான் மேச மேல ஏறி நின்னேன்.

நாய் பழக்கறவர் ஒருத்தர் வந்தாரு. கோவமோ பகையோ இல்லீங்க, ஓடறதப் பாத்தா தொரத்தற சுவிட்ச் இதுக்குப் பொறப்புலயே உண்டு, அத அணைக்க முடியாது, நடுவுல கதவுதான் வைக்க முடியும்னாரு. அன்னிலேர்ந்து எங்க வீட்ல ஒரு சட்டம். யாரு எந்தக் கதவத் தொட்டாலும் தொடறதுக்கு முன்ன கதவுன்னு கத்தணும். அந்தப் பக்கம் இருக்கறவங்க பூட்டியாச்சுன்னு பதில் குடுக்கணும். பதில் வந்தாத்தான் தாழ்ப்பாள்ல கை. குளியலறைல இருந்தாலும் சரி, மாப்பிள்ள போன்ல அவரு மேலதிகாரிகிட்ட பேசிக்கிட்டிருந்தாலும் சரி. ஒருக்கா பேச்சுக்கு நடுவுல பூட்டியாச்சுன்னு கத்தி, அந்தாளு என்னய்யா பூட்டுனேன்னு கேட்டு, பெரிய ரகள.

அப்பறம் துண்டு மாத்தறது. பூனை படுத்த துண்ட நாய்க்கும், நாய் படுத்தத பூனைக்கும். வாசன பழகணுமாம். மாமியார் அந்தத் துண்ட மோந்து பாத்துட்டு என்னையே மொறச்சுச்சு, இதயா எனக்குக் குடுக்கறேன்னு. அப்பறம் கம்பி வலைக்கதவுக்கு இந்தப் பக்கம் நாய், அந்தப் பக்கம் பூனை. நாய் கயித்தப் புடிச்சுக்கிட்டு நான். பூனையப் பாத்துட்டு, பாக்காத மாதிரி மொகத்தத் திருப்புனா ஒரு கறித்துண்டு. இந்தப் பய என்ன பண்ணான் தெரியுமா? கணக்கப் புரிஞ்சுக்கிட்டு, பூனைய ஒரு பார்வ, என்னை ஒரு பார்வ, பூனைய ஒரு பார்வ, என்னை ஒரு பார்வன்னு கறியா வாரிக்கிட்டான். ஒருத்தரப் பாக்காம இருக்கறதுக்குச் சம்பளம் வாங்குனவன் இவன்தாம்மா.

இதெல்லாம் நான் பண்ணுனது. பொண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிடுவாங்க. பகல் பூரா நான்தான். கேலி பண்ணிக்கிட்டே பண்ணேன், ஆனா பண்ணேன். ஒரு நா வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் காலத் தூக்கி நக்கிக்கிட்டிருக்கு, இந்தப் பக்கம் இவன் மல்லாந்து தூங்கறான், கொறட்டயோட. நான் மூச்சுக்கூட விடாம உக்காந்திருந்தேன். பொண்ணு வந்ததும் சொன்னேன். பாதியக் கழிச்சுக்கிட்டா.

அப்பறந்தான், நான் கண்ணு காட்டப் போன அன்னிக்கு. மருந்து ஊத்தி, எல்லாம் மங்கலா, ரிக்‌ஷாலேர்ந்து எறங்கறேன், பொண்ணு வாசல்லயே நிக்கறா. அழுது மொகம் வீங்கியிருக்கு. அப்பா, கத்த மறந்துட்டேன்ப்பா, கதவுன்னு கத்தாமத் தொறந்துட்டேன், எல்லாம் முடிஞ்சுபோச்சு, நீங்க பாக்க வேணாம்னு நானே பொதச்சுட்டேன்னா. பின்னால செடித் தொட்டிங்க பக்கத்துல மண்ணு குவிச்சு மேல கல்லு வெச்சிருந்தா.

நான் என்ன பண்ணேன்? அவளத் தேத்துனேன். தலயத் தடவி, அழாதம்மா, உந்தப்பு இல்ல, நாய் புத்தி அதுன்னு சொன்னேன். அவ இன்னும் ஜாஸ்தியா அழுதா. கண்ணு தெளிஞ்சதும் முத வேலயா இவன் முன்னால போயி நின்னேன். ஏன்டா, என் கையால தின்னியேடா, என் முன்னால கொறட்ட விட்டியேடா, நான் இல்லாத நேரம் பாத்தியாடான்னு கேட்டேன். அவன் வந்து மொகவாய என் முட்டி மேல வெச்சான். தள்ளி விட்டேன். மறுபடியும் வெச்சான். மறுபடியும் தள்ளுனேன். வாய்ப்பூட்ட மாட்டுங்க, இது இருக்கட்டும் இல்ல நான் இருக்கறேன், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னேன்.

டெய்லி காலைல டீயோட அந்த மண்ணுகிட்டப் போயி உக்காருவேன். பேச்சு விட்டுப்போன எடத்துலேர்ந்து பேசுவேன். ஒரு மீன் துண்டு வெப்பேன். என் பொண்ணு சமயக்கட்டு ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு நிப்பா. எல்லாத்தையும் பாத்தா. அப்பக்கூட, நேத்து மாப்பிள்ள வண்டிக்குச் சொன்னப்பக்கூட, இன்னிக்குக் காலைல இவனக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதப்பக்கூட... ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த போதும் இவனக் காப்பாத்த. அவ வாயில இருக்கு அந்த வார்த்த. முழுங்கிட்டா. என்னால இவனக் கூட்டிட்டு நடக்க முடியலப்பா, நீங்க போங்கன்னா. சரின்னு நான் கெளம்புனேன். வேண்டா வெறுப்பா, கயித்த நீட்டமா விட்டுட்டு.

இந்தத் தெரு முக்கு திரும்புனதும் இவன் மூக்கத் தூக்குனான். இழுத்தான் பாருங்க, என் செருப்பு அந்த மூலைலயே கெடக்கு. இவ்வளவு தூரம் நான் நடந்து வரலம்மா, பறந்து வந்தேன். இதுல பாதியக் கழிக்க வேணாம்.

அது இருக்கட்டும். உங்க மாடி ஜன்னல்ல படுத்திருக்கே, வெள்ளைல சாம்பல் திட்டு, வால் நுனி மடங்குனது, அத எங்கேர்ந்து கொண்டுவந்தீங்க?

இல்லல்ல, கொற சொல்லல. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. சதைகூடப் போட்டிருக்கு. கூப்பிட்டுப் பாக்கட்டுமா? மாமியாரே... பாத்தீங்களா, காது மட்டும் திரும்புது, தல திரும்பல. ஒரு வீட்டுலயும் ஒழுங்கா மரியாத குடுக்கக் கத்துக்கல அது.

உங்க ஆபீஸ்ல கூட வேல பாக்கறவங்களா? பொண்ணா? பேசறப்ப மூக்க மூக்கத் தொட்டுக்குமா? ம். என் பொண்ணுதாம்மா.

அவள நீங்க திட்டாதீங்க. ராப்பகலா கத்திக் கத்திக் கதவு தொறந்து அவளுக்கு அலுத்துப்போயிருக்கும், இல்ல என்னிக்காவது ஒருநாள் கண்ணு முன்னால நடந்துடுமேன்னு பயந்திருப்பா. குடுத்தாச்சுன்னா நான் ஒத்துக்க மாட்டேன், ஓடிப்போச்சுன்னா ஊர் பூராத் தேடுவேன். செத்துப்போச்சுன்னா வீட்லயே உக்காந்துக்குவேன்ல. யோசிச்சுத்தான் பண்ணியிருக்கா. ஆனா பழிய இவன் தலைல போட்டாளே. வாயில்லாத ஜீவன்னு சொல்லுவாங்க, அதுக்கும் மேல ஒரு பூட்டு வேற மாட்டி... நான்தான் மாட்டச் சொன்னேன். அந்த மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு இப்பத்தான் யோசிக்கறேன். பழைய துண்டா இருக்கும். ஒரு துண்டுக்கா நான் இத்தன கத சொன்னேன்.

என்னம்மா? ஏன் தயங்கறீங்க, சொல்லுங்க. பூனை யாரோடதுன்னு கேட்டீங்களா? கேட்டதுக்கு?

ஓ.

அவங்க அப்பாவோடதுன்னு. அவரு... ஓ. அப்படியா சொன்னா.

இல்லல்ல, நீங்க என்ன பண்ணுவீங்க, சொன்னத நம்புனீங்க. நானும் நம்புனேன்ல. எப்படிச் செத்துப்போனாராம்? தூக்கத்துலயா. பரவால்ல, கஷ்டப்படுத்தாமத்தான் அனுப்பியிருக்கா. நீங்க வருத்தம் சொன்னீங்களா? அழுதாளா? அழுதிருப்பா, அவளுக்கு அழுக நல்லா வரும், அதுல பொய்யே இருக்காது. காக்காவ லிஃப்ட்ல ஏத்துனவன் நானு. எனக்குக்கூட இது தோணலம்மா.

தண்ணிய எடுத்துக்கோங்க, போதும்.

மாமியார எறக்க வேணாம், அது அங்கயே இருக்கட்டும். அந்தக் கதவ மட்டும் சாத்துங்க. டேய் அம்பு, இங்க வாடா. தலயக் குடு. இந்தக் கண்றாவியக் கழட்டறேன். ஆடாதடா, வார் மாட்டிக்கிச்சு... அவ்வளவுதான். பயப்படாதீங்க, கயிறு என் கைலதான் இருக்கு. ம், வெய்யி, மொகவாய வெய்யி. தள்ள மாட்டேன்.

ஏம்மா, உங்ககிட்ட அவ நம்பர் இருக்குமே. எனக்காக ஒரு போன் போடுங்க. நாய் எங்க வீட்டு வாசப்படில உக்காந்திருக்கு, வண்டிக்காரன வர வேணாம்னு சொல்லிடுங்கன்னு சொல்லுங்க.

யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னு கேப்பா. பூனையோட ஓனருன்னு சொல்லுங்க.