குளிராத ஊர்

— துப்பாதீங்கய்யா. அந்த ஐஸ் கட்டி வாயிலேயே இருக்கட்டும்.

— பல்லு கூசுது, டைரக்டர் தம்பி. மிச்சம் இருக்கறதே நாலு பல்லு.

— கூசட்டும். வாய்க்குள்ள சூடு இருந்தா பேசறப்போ புகை வரும். புகை வந்தா குளிருதுன்னு தெரிஞ்சிடும். ஐஸைச் சப்பிட்டுப் பேசினா புகை வராது. ஒண்ணுமில்ல, சிம்பிள்.

— குளிரத்தானே செய்யுது. தெரிஞ்சா என்ன?

— அப்பா, நேத்து ராத்திரி முழுக்க இதைத்தானே சொன்னேன். இந்தக் குளிர்ல பெரிய கால்பந்துப் போட்டியெல்லாம் நடத்த முடியாதுன்னு ஊரைத் தேர்ந்தெடுக்கற குழுவுல பேச்சு. முடியும்னு காட்டத்தான் இந்தப் படம். போட்டியை நம்ம ஊருக்குக் கொண்டு வர்றதுதான் என் உத்தியோகமே. என்னைப் பெத்தவரே வாயில புகை விட்டுட்டு நின்னா என்னை என்ன சொல்லுவாங்க? சரியா?

— சரிம்மா. அந்த ஸ்வெட்டரையாவது குடேன். இந்த அரைக்கைச் சட்டையில எலும்பு வரைக்கும் ஏறுது.

— ஸ்வெட்டர் வண்டியில இருக்கு. முடிஞ்சதும் போட்டுக்கலாம்.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதை தெரியும். இவ்வளவு பெரிய குளிரை எதுல மறைப்பே?

— ஐஸ்லதான்யா. வேற எதுல? ஐயாவுக்கு நல்ல வாய். இதே மூடோட இருங்க. பின்னாடி புல்லு பச்சையா இருக்கு. வெயில் மாதிரி மஞ்ச லைட் வெச்சிருக்கேன். அப்படியே நடு வட்டத்துல நின்னு கேமராவைப் பார்த்துப் பேசுங்க. போலாமா?

— போலாம்.

— ஆரம்பிங்க.

— "போன தடவை போட்டி அந்த வெயில் ஊர்ல நடந்துச்சு. உச்சி வெயில்ல ஓடிக்கிட்டிருந்தவன், என் மகன், சுருண்டு விழுந்தான். மறுபடி எழுந்திரிக்கலை."

— பிரமாதம். அடுத்தது.

— அடுத்தது வரலை தம்பி.

— "இந்த ஊர்ல விளையாடியிருந்தா என் மகன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான்." சொல்லுங்கப்பா.

— வரலைம்மா. மறந்து போகலை. 

— ஐயா, கை ஆடுது. கையைப் பின்னால கட்டிக்கங்க. மேடம், அவருக்கு உதடு நீலமாயிட்டு வருது, கொஞ்சம் சிவப்பு தடவச் சொல்லலாமா?

— தடவுங்க.

— எழுபது வயசுல உதட்டுச் சாயம். ஆஸ்பத்திரி பாய்லர் ரூம்ல என்கூட வேலை பார்த்தவங்க பார்த்தா வயிறு வலிக்கச் சிரிப்பாங்க. ஏன் தம்பி, போட்டி நடக்கறது கோடையிலதானே? அப்போ இங்க இதமாத்தானே இருக்கும். அப்போ வந்து எடுக்கக் கூடாதா?

— எடுக்கலாம்யா. ஆனா குழு உக்கார்றது அடுத்த வாரம், கோடையிலயும் இங்க இப்படித்தான் குளிரும்னு அவங்க நெனப்பு. கடைசியில நிக்கறது ரெண்டே ஊர். நம்ம ஊரு, அந்த வெயில் ஊரு.

— ஊர் ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

— பொய்யில்ல. அவங்களும் முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. நல்ல வேளை, போகலை. அங்க காட்டறதுக்கு மைதானம் இருக்கு, மாளிகை இருக்கு. உங்க மகன் மாதிரி ஒரு கதை இல்ல.

— கதை.

— தப்பா எடுத்துக்காதீங்க. தொழில் பேச்சு.

— அப்பா, நேரம் போயிட்டிருக்கு. மேகம் வந்துட்டா லைட் செட் ஆகாது. சொல்லுங்க. "இந்த ஊர்ல விளையாடியிருந்தா..."

— "இந்த ஊர்ல விளையாடியிருந்தா... என் மகன்... நல்லா விளையாடியிருப்பான்."

— விளையாடியிருப்பான் இல்லப்பா. இருந்திருப்பான்.

— அதுதாம்மா முடியலை. அவன் இங்க எப்படி இருந்தான்னு உனக்குத் தெரியாதா? குளிர் எட்டிப் பார்த்தாலே நெஞ்சுல இளைப்பு வந்து உக்காந்துடும். வீட்ல படுக்க முடியாம பாய்லர் ரூம்ல என் காலடியில படுத்துத் தூங்கின புள்ள. டியூட்டியில இருக்கறப்போ ஒரு கண்ணு பாய்லர் மேல, ஒரு கண்ணு அவன் நெஞ்சு மேல. ஏறி இறங்குதா, ஏறி இறங்குதான்னு.

— ஐயா, அவரை ஊரே "ரயில்"னு கூப்பிட்டுச்சே, ஓட்டத்துக்குத்தானே?

— ஊருக்கு அது ஓட்டம். வீட்ல அது இளைப்பு. மூச்சு விட்டா ரயில் மலையேறுற சத்தம் வரும். இவ வெச்ச பேர்தான் அது. அக்கா, தம்பியைக் கேலி பண்ண வெச்ச பேரு. அதையே பின்னாடி ஆயிரம் பேரு மைதானத்துல நின்னு கத்தினாங்க.

— ஐயோ, இது நல்லா இருக்கே. மேடம், இதை உள்ள கொண்டு வரலாமா?

— வேண்டாம். குளிர்ல இளைப்புன்னு சொன்னா நம்ம குழியை நாமே தோண்டிக்கற மாதிரி. அப்பா, அதை யாரும் கேக்கலை. சரியா?

— யாரும் கேக்கலைதான். ஆனா நடந்தது அதுதானே? அவன் அந்த ஊருக்குப் போய் முதல் வாரம் போன் பண்ணினான். "அப்பா, இங்க மூச்சு வாங்கறதே தெரியலை, காத்து தானா உள்ள போகுது, தானா வெளிய வருது"ன்னான். அதைக் கேட்டு நான் போனை வெச்சிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். சந்தோஷத்துல.

— அந்த மூச்சுதான்ப்பா நின்னு போச்சு.

— குத்தாதே.

— குத்தலை. உள்ளதைச் சொல்றேன். வருஷா வருஷம் இங்க இளைச்சான். வருஷா வருஷம் பொழைச்சான். ராத்திரியெல்லாம் நெஞ்சுல தைலம் தடவினது நான். உக்கார வெச்சு முதுகைத் தட்டினது நான். நீங்க பாய்லர் ரூம்ல பார்த்தது பாதி. மீதி என் மடியில நடந்தது.

— டாக்டர் சொன்னாரேம்மா, சூடான ஊருக்குப் போனா நல்லதுன்னு.

— "முடிஞ்சா"ன்னு சொன்னார். அவனைக் கூட்டிட்டுப் போக அந்த ஊர் கால்பந்துக் கிளப்காரன் வாசல்ல வந்து நின்னதும் உங்களுக்கு "முடிஞ்சா" காதுல விழலை.

— மேடம், ஐயா, குடும்பப் பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். ஐஸ் கரைஞ்சிடுச்சான்னு பாருங்க. இன்னொண்ணு போட்டுக்கங்க. ஆ... அப்படித்தான். ஐயா, கண்ணுல தண்ணி நிக்குதே. மகனை நெனச்சா, குளிருக்கா?

— குளிருக்கு.

— பரவாயில்ல. கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. ரோலிங்.

— "இந்த ஊர்ல..."

— கட். பல்லு தந்தியடிக்குது, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. தாடையை இறுக்கிக்கங்க. சிரிக்க வேண்டாம், ஆனா ஜம்முனு இருக்கற மாதிரி நில்லுங்க. பூங்காவுக்கு நடக்க வந்தவர் மாதிரி.

— செத்துப் போன மகனைப் பத்திப் பேசணும். பூங்காவுக்கு வந்தவன் மாதிரியும் நிக்கணும்.

— அதேதான்யா. பிடிச்சுட்டீங்க பாருங்க.

— ஏம்மா, எனக்கு ஒண்ணு சொல்லு. நம்ம வீட்ல சாவு விழுந்தப்போ இந்த ஊர் மேயர் எட்டிப் பார்த்தாரா? ஒரு வார்த்தை? இன்னைக்கு அவன் பேரை மைதானத்துக்கே வைக்கறேங்கறார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்.

— அழுதா அழட்டும். பேரு வரும்ல? போட்டி இங்க வந்தா அவன் பேரு அந்த மைதானக் கூரை மேல விளக்குல எரியும். அவன் செத்ததுல யாருக்காவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்.

— யாருக்காவதுன்னா, உனக்கா?

— எனக்கும்தான். அவனுக்கு ஓட்டம் இருந்துச்சு, உங்களுக்கு அவன் இருந்தான். எனக்கு என்னப்பா இருந்துச்சு? நீங்க ரெண்டு பேரும்தான் இருந்தீங்க. ஒருத்தனை நீங்க அனுப்பிட்டீங்க.

— மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஐயா எது பேசினாலும் மூஞ்சி அருமையா வருது. எனக்கு மூஞ்சி போதும். அந்த வரியையே பிடிச்சுத் தொங்க வேண்டாம். ரயில் கதையையே சொல்லட்டுமே, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டுப் போயிடலாம். அவருக்கும் கால் நிக்கலை.

— இல்ல. அந்த வரிதான் வேணும்.

— எதுக்குன்னு...

— கேமராவைப் போடுங்க, டைரக்டர். வரியை நான் பார்த்துக்கறேன்.

— உங்க இஷ்டம். ஒண்ணுமில்ல, சிம்பிள். ரோலிங்.

— "இந்த ஊர்ல விளையாடியிருந்தா என் மகன்..." கால் விரல் இருக்கற மாதிரியே தெரியலைம்மா. கொஞ்சம் உக்கார்றேன்.

— நில்லுங்க. உக்காந்தா எழுந்திரிக்க மாட்டீங்க.

— வெந்நீர் ஒரு வாய்.

— வெந்நீர் குடிச்சா புகை வரும்.

— நீ இவ்வளவு கல்லாம்மா?

— அப்பா, அவன் கிளம்பின காலையில என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா?

— அதெல்லாம் எதுக்கு இப்போ?

— ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்.

— இருக்கு.

— என்ன சொன்னான்?

— போகலைன்னான்.

— எப்படிச் சொன்னான்?

— அழுதுக்கிட்டே சொன்னான். பதினஞ்சு வயசுப் புள்ள, ஊரை விட்டுப் போறப்போ அழாதா? எல்லாப் புள்ளயும் அழும்.

— வண்டிக் கதவைப் பிடிச்சுக்கிட்டான். "அக்கா பக்கத்துல இருந்தா எனக்கு இளைப்பு வராதுப்பா"ன்னான். நீங்க என்ன பண்ணினீங்க?

— விடும்மா.

— அவன் விரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டுட்டுக் கதவைச் சாத்தினீங்க. நான் படிக்கட்டுல நின்னு பார்த்தேன்.

— அவன் நல்லதுக்குத்தானே பண்ணினேன்.

— எனக்கும் தெரியும். சொல்லுங்கப்பா. கேமரா ஓடிட்டிருக்கு.

— மேடம், அவர் அழறார்.

— ஓடட்டும். சொல்லுங்க.

— "இந்த ஊர்ல... இந்த ஊர்ல இருந்திருந்தா என் மகன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான். இளைச்சுக்கிட்டாவது இருந்திருப்பான். நாலு அடி நடந்து நாலு தடவை உக்காந்தாலும், கண்ணு முன்னால இருந்திருப்பான். போகலைன்னு சொன்னவனை நான்தான் பிடிச்சு ஏத்தினேன். மூச்சு நல்லா வருதுன்னு அவன் சொன்னதை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். நான்தான் அனுப்பினேன். நான்தான்."

— கட். ஓகே. அவ்வளவுதான். ஐயா, முப்பது வருஷமா கேமரா பிடிக்கறேன், இப்படி ஒரு மூஞ்சி பார்த்ததில்ல. யாராவது ஐயாவுக்கு ஸ்வெட்டரைக் கொண்டாங்கப்பா. உக்காருங்கய்யா, புல்லு மேலயே உக்காருங்க.

— தம்பி, ஒரு உதவி.

— சொல்லுங்க.

— அந்தக் கடைசியில வந்ததை வெட்டிடுங்க. நான்தான் அனுப்பினேன்னு சொன்னது. அதை உலகம் பூரா கேக்க வேண்டாம்.

— எதைய்யா வெட்டறது? சத்தமே பிடிக்கலையே. இங்க மைக் எங்க இருக்கு, பாருங்க. குழுவுல ஒருத்தருக்கும் நம்ம பாஷை தெரியாது. மேல இசை போகும், கீழ அவங்க பாஷையில எழுத்து ஓடும். நீங்க ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணியிருந்தாக்கூட எனக்குப் போதும். முதல் நாளே மேடம்கிட்ட சொல்லிட்டேனே. உங்ககிட்ட சொல்லலையா?

— உனக்குத் தெரியுமாம்மா?

— தெரியும்ப்பா. எழுத்தைப் போன வாரமே நான்தான் போட்டுக் குடுத்தேன்.

— அப்போ எதைச் சொன்னாலும் ஒண்ணுதான். அப்புறம் ஏம்மா காலையிலேர்ந்து இதைச் சொல்லு, இதைச் சொல்லுன்னு என் உயிரை எடுத்தே?

— அது படத்துக்கு இல்லப்பா. உங்க வாயால ஒரு தடவை நான் கேக்கணும்னு இருந்தேன்.