இருபத்தஞ்சாவது சுத்து

கிபிவோட்: பேசாம வாடா மாப்ள... ஓடும்போது என்ன பேச்சு?

லிமோ: எத்தனை சுத்து ஆச்சு மச்சான்?

கிபிவோட்: பதினெட்டு. இருபத்தஞ்சுக்கு இன்னும் ஏழு. என் முதுகுக்குப் பின்னாடியே வா, எதிர்காத்து அடிக்குது.

லிமோ: இந்த எத்தியோப்பியாக்காரன் என் குதிகாலை மிதிச்சுக்கிட்டே வரான்.

கிபிவோட்: வரட்டும். நம்ம பேச்சு அவனுக்குப் புரியாது. கோச் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? இருபத்திமூணு வரைக்கும் நான் முன்னாடி இழுப்பேன். அப்புறம் நீ பறந்துடணும். தங்கம் உனக்கு.

லிமோ: பத்து வருஷமா அடுத்தவன் ஜெயிக்க இழுத்து விடறதே பொழப்பா? ஜெயிச்சவனுங்க ஊர் திரும்பினா, நம்ம எல்டோரெட் ஏர்போர்ட்ல வரவேற்புக்குக் குடுக்கிற புளிச்ச பாலைச் சுரைக்குடுக்கையோட குடிப்பானுங்க. நீங்க அவனுங்க பையைத் தூக்கிக்கிட்டு நிப்பீங்க.

கிபிவோட்: உங்க அக்கா சொல்லிக் குடுத்தாளா?

லிமோ: அக்கா எதுக்குச் சொல்லணும்? எனக்குக் கண்ணு இல்லையா? இதுதானே உங்க கடைசி ஓட்டம்... ஒரு மெடலாவது வேணாமா?

கிபிவோட்: வாயை மூடிட்டு ஓடு.

லிமோ: இருபது... இருபத்தொண்ணு... இருபத்திரெண்டு...

கிபிவோட்: இருபத்திமூணு முடிஞ்சுது. கிளம்புடா!

லிமோ: ஆ... மச்சான்... வயித்துல பிடிச்சுக்கிச்சு. நீங்க போங்க!

கிபிவோட்: நான் எங்க போறது? எனக்குக் கெண்டைக்கால் இழுக்குது. நீதான் போகணும்.

லிமோ: எப்ப இருந்து?

கிபிவோட்: இப்பதான்... போடா!

லிமோ: நீங்க போங்க.

கிபிவோட்: நீ போ...

லிமோ: நீங்க...

கிபிவோட்: ஐயோ, அவன் போயிட்டான்டா!

லிமோ: நாம உபசாரம் பண்ணிக்கிட்டே இருந்தோம், அவன் சட்டியோட தூக்கிட்டான்!

கிபிவோட்: மணி அடிச்சாச்சு! கடைசிச் சுத்து... ஓடு!

லிமோ: நீங்களும் வாங்க!

கிபிவோட்: வரேன்... கையை வீசு... வீசுடா...

லிமோ: எட்டிட்டோம்... தாண்டிட்டோம் மச்சான்! திரும்பிப் பாக்காதீங்க!

கிபிவோட்: கோடு... கோடு...

லிமோ: தாண்டியாச்சு... நான் இங்கயே படுத்துட்டேன்...

கிபிவோட்: டேய், உயிரோட இருக்கியா?

லிமோ: தண்ணி... போர்டுல என்ன போட்டிருக்கான்?

கிபிவோட்: கென்யா, கென்யா, எத்தியோப்பியா. நூலளவுல நீ முதல்ல. எனக்கு வெள்ளி... வெள்ளிடா மாப்ள!

லிமோ: அழறீங்களா?

கிபிவோட்: அழறேன்டா. பத்து வருஷம் கழிச்சு அழறேன், உனக்கென்ன?

லிமோ: நல்லா அழுங்க. அக்கா ரெண்டு குடுக்கை புளிச்ச பால் ரொப்பி வச்சிருக்கா.

கிபிவோட்: ரெண்டா! இரு... இரு... உன் வயித்துவலி எங்கடா போச்சு?

லிமோ: உங்க கெண்டைக்கால் வலி போன ஊருக்குத்தான் மச்சான்.