எச்சில் தட்டு

சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். மற்றபடி நான் சாதுவான ஆள். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புக்கு எங்கள் அலுவலகம் கணினி நிரல் எழுதுகிறது. மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களைப் படித்து உள்ளே விடுவது என் வேலை. அதில் ஒரு மரியாதை உண்டு. கையால் எழுதிய கோப்பை மட்டும் அனுப்ப வேண்டும். அதை வைத்துக் கணினி தானாக உருவாக்கும் கோப்பை நாங்களே இங்கே புதிதாக எடுத்துக்கொள்வோம்.

புதிதாகக் கல்யாணமானதால் எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிட்ட என் சக ஊழியனுக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. ஒரு வரியை மாற்றுவான். கூடவே கணினி கக்கிய ஆயிரக்கணக்கான வரிகளையும் என் முன்னால் கொட்டுவான்.

"தம்பி, நீ எழுதினத மட்டும் அனுப்புப்பா. மத்தது குப்பை."

"எங்க எடுத்தாலும் ஒண்ணுதானேண்ணே" என்று பல்லைக் காட்டுவான்.

ஒவ்வொரு முறையும் அதை வழித்தெறிந்துவிட்டுப் போய்க் கை கழுவுவேன்.

அன்றும் அப்படித்தான் வந்தது. அவன் எழுதிய வரி சரி. அவன் கணினியில் இருந்த பழைய கருவி உருவாக்கிய கோப்பில் மட்டும் வலி மருந்தின் அளவு பத்து மடங்காகியிருந்தது. பார்த்தேன். ஒரே கட்டளையில் புதிதாக எடுத்திருக்கலாம். எத்தனை நாளைக்கு அடுத்தவன் எச்சில் தட்டை நான் கழுவுவது? அப்படியே உள்ளே விட்டேன்.

சோதனையில் மாட்டுவான், நாலு பேர் திட்டுவார்கள் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். அது பொய். அந்த மருந்துக்குச் சோதனையே கிடையாது. சோதனைகளை எழுதியவன் நான்தான்.

குடல்வால் அறுவை முடிந்து மறுநாள் வீட்டுக்குப் போகவிருந்த ஓர் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் மகள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். பாவம்தான்.

அலுவலக விசாரணையில், அவனை நம்பி விட்டுவிட்டேன் என்றேன். மாப்பிள்ளை மூக்கு ஒழுக அழுதான். துடைக்கக்கூட இல்லை. என் கைக்குட்டையை நீட்டினேன். திரும்ப வாங்கவில்லை.

வேலையை விட்டுப் போகுமுன், மருந்து அளவு மீறினால் பம்பு தானே நின்றுவிடும்படி ஒரு திருத்தம் அனுப்பினான். கையால் எழுதிய கோப்பு மட்டும். கூட ஒரு துரும்பு இல்லை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பொறுமையாக எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளைதான்.