கருப்பனுக்கு எய்ட்ஸ் இல்லை

மலேசியாவின் லாபிஸ் ஊரில், ரொட்டி சானாய் கடை வரிசையில், எனக்கு முன்னால் பூனைக்கூண்டோடு நின்ற பெண் ஃபோனில் சத்தமாகச் சொன்னாள்:

"அத்தை, நம்ம கருப்பனுக்கு எய்ட்ஸ் இல்லலா."

வரிசையே திரும்பிப் பார்த்தது. ஸ்பீக்கரில் மாமியார் விடவில்லை.

"குட்டியா இருக்கையில இருக்குன்னாங்களே?"

"அது தாய்ப்பூனைக்கு இருந்துச்சு அத்தை. அதோட எதிர்ப்புச் சக்தி பால்ல இவனுக்கு வந்திருக்கு. அப்ப டெஸ்ட்ல தெரிஞ்சது அதுதான். வைரஸ் இவன்கிட்ட வரவே இல்லயாம்."

"மனுசனுக்கு வர்றதும் இதுதானே?"

"ரெண்டும் ஒரே குடும்பம், ஒரே கிளைன்னு டாக்டர் சொன்னாங்க. செல்லுக்குள்ள போயி, மரபணுவோட தன்னையும் சேத்து எழுதிடுமாம். ஆனா பூனையோடது பூனைக்கு மட்டும்தான். இருந்திருந்தாலும் நமக்கு ஒட்டாது."

"நல்லா கேட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேன். இத்தன மாசமா அவன வாசல்ல கெடக்க வச்சீங்களே. இன்னிக்கி சோபாவுல படுப்பான், பாத்துக்குங்க."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"சோபா எதுக்கு? நீ வேலைக்குப் போனதும் தெனம் என் கட்டில்லதான்லா படுக்கிறான்."