ஒரே ஒரு முறை அந்த அபராதத்தைக் கட்டுங்கள்

இந்தக் குளிர்கால விருந்துக்குத் தலைமை ஏற்று, முப்பத்தொரு ஆண்டுகளாக ஓர் ஆட்டம் விடாமல் பென்சிலால் ரன் குறித்து வரும் எங்கள் ரசிகர் சங்கத் தலைவர், பெருமதிப்புக்குரிய ஸ்டான் வுய்சிக் அவர்களே. மேடையின் நடுநாயகமாக, மெத்தை வைத்த ஒரே நாற்காலியில் வீற்றிருக்கும் படகோட்டிகள் பேஸ்பால் அணியின் உரிமையாளர், மாண்புமிகு எல்வுட் ப்ரூபேக்கர் அவர்களே. பத்து ரன்னில் தோற்கும் ஆட்டத்திலும் கடைசிப் பந்துவரை எழுந்து போகாத முன்வரிசைப் பெரியோர்களே. காலை ஐந்து மணியிலிருந்து மாதா கோயில் அடுக்களையில் நின்று ஆயிரத்து இருநூறு பியரோகிக் கொழுக்கட்டை பிடித்து வேகவைத்த தாய்மார்களே. அதில் பதினான்கைத் தின்றுவிட்டு, ஏழாம் மேசையில் ஒன்றும் தெரியாதவர்போல் அமர்ந்திருக்கும் எங்கள் அணியின் ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரர் ரென்னி பட்டிஸ்டா அவர்களே. பனியில் மாட்டிய காரைத் தள்ளிக்கொண்டாவது வந்து சேர்ந்த போர்ட் ஹாலோவே நகரத்துச் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் மார்சி டோம்ப்ரோவின் அன்பு வணக்கம்.

தாய்மார் பகுதியிலிருந்து ஒரு திருத்தம் வருகிறது. பதினான்கு இல்லையாம், பதினாறாம். திருத்திக்கொள்கிறேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவர் ரசிகர் உரை ஆற்றுவார். "அடுத்த வருஷம் நமக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிட உட்காருவார். இந்த ஆண்டு என் பெயர் வந்தது. மேடை ஏறுமுன் தலைவர் என் காதோரம் வந்தார்.

"மார்சிம்மா, ஓனரைத் திட்டிப்புடாதே. இன்னைக்கு ஹீட்டருக்குக் காசு அவர் குடுத்தது."

திட்டமாட்டேன், தலைவரே. என்னைப் பற்றி ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வந்தேன். பாவங்கள் ஏழு என்கிறார் நம் பாதிரியார். கைக்குழந்தைக்காரிக்கு ஆறு பாவம் செய்ய நேரமேது? அந்த ஏழாவதை மட்டும் ஏப்ரல் தொடங்கி அக்டோபர் முடியத் தவறாமல் செய்துவருகிறேன். வெட்கத்தை விட்டு விளம்புகிறேன்: எனக்குப் பொறாமை. பாலைக் கொடுக்கும்போதும் பொறாமை. பாத்திரம் துலக்கும்போதும் பொறாமை. படுக்கையில் புரளும்போதும் பொறாமை.

யார்மேல்? உங்களுக்கே தெரியும். கிழக்குக் கரையில் பணத்தில் மிதக்கும் அந்தப் பட்டணத்தின் அணி, துறைமுக ராஜாக்கள்மேல். ஆமாம், ஊளையிடுங்கள். நன்றாக ஊளையிடுங்கள். நானும் பத்து வருஷமாக உங்களோடு ஊளையிட்டவள்தான்.

கல்லூரியில் என் அறைத்தோழி கேண்டேஸ் இப்போது அந்த ஊரில் குடியிருக்கிறாள். ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். போன மாதம் அழைத்தபோது ஒரே புலம்பல்.

"எங்க ஓனர் வாஸ் இந்த வருஷமும் கோட்டைத் தாண்டிட்டாருடி. இதோட அஞ்சாவது வருஷம். அபராதம் கட்டியே அழியப் போறாரு அந்தக் கிறுக்கன்."

அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். கழுத்து நிறைய நகை போட்டவள் கழுத்து வலிக்கிறது என்று சொல்வாளே, அந்தக் குரல்.

நான் விடுவேனா? "காசைக் கொட்டி வாங்குற வெற்றி ஒரு வெற்றியாடி?" என்றேன்.

"அப்ப காசைப் பூட்டி வச்சு வாங்குற தோல்விக்கு என்ன பேருடி?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். குழந்தை அழுதது என்று சொல்லி வைத்தேன். குழந்தை அழவில்லை.

சிறுபிள்ளைகளும் இருக்கிற சபை என்பதால் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு நம் லீக் ஒரு கோடு கிழித்திருக்கிறது. கோட்டுக்கு மேலே போனால், மேலே போன தொகைக்கு வரி. ஆடம்பர வரி என்று பெயர். முதல் முறை டாலருக்கு இருபது சென்ட். மறு வருஷமும் தாண்டினால் முப்பது. மூன்றாம் வருஷமும் அடங்காவிட்டால் ஐம்பது. அடங்காதவனை அடக்க வந்த வரி அது. வாஸ் அடங்கினாரா? தோள் வலிமை மிக்க பந்துவீச்சாளனைக் கண்டார், தாண்டினார். தூண்போல நிற்கும் மட்டைக்காரனைக் கண்டார், தாண்டினார். வீட்டுப் படியைத் தாண்டுவதுபோல் கோட்டைத் தாண்டினார்.

நம் உரிமையாளரோ கட்டுப்பாடு மிக்கவர். நவம்பரில் பத்திரிகைக்காரர்களிடம் என்ன சொன்னார்? "எனக்குப் பொறுப்பு உண்டு. அந்த வரிக்கோட்டின் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கமாட்டேன்." கைதட்டினோம். கைதட்டிவிட்டு நான் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தேன். அன்பர்களே, அந்தக் கோடு எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம்? நம் மொத்த அணியையும் மூன்று தடவை வாங்கினாலும் அந்தக் கோடு வராது. பாலைவனத்தில் குடியிருந்தவன் வெள்ளத்துக்குப் பயந்து மொட்டை மாடியில் படுத்தானாம். அந்தக் கதைக்கும் நம் கதைக்கும் என்ன வித்தியாசம்?

சிரிக்காதீர்கள் அன்பர்களே, உரிமையாளர் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அது நெஞ்சில் முள்ளாகத் தைப்பது. பெரிய ஊர்க்காரர்களின் பணத்தில் ஒரு பங்கு நம்மைப்போன்ற சிறிய ஊர்களின் அணிகளுக்கு வருகிறது. வாஸ் கட்டும் அபராதத்திலும் ஒரு துளி அதில் கலந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய சோறு நம் வீட்டுக்கும் வருகிறது என்று வையுங்கள். சரி, பசிக்கு வந்த சோற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டோமா? மைதானத்தில் வாகனம் நிறுத்தும் இடத்தை இரண்டு மடங்காக்கினோம். வருகிறவர்கள் பாதியாகக் குறைந்த வருஷத்தில், நிறுத்துகிற இடம் இரண்டு மடங்கு. போன ஆகஸ்டில் என் கணவர் டார்ல் அங்கே காரை நிறுத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்கயே ஒரு ஆட்டம் ஆடலாம் மார்சி. வெளிச்சம்கூட நல்லாருக்கு."

இவ்வளவையும் பொறுத்தேன். போர்ட் ஹாலோவேயில் பிறந்தவளுக்குப் பொறுமை தாய்ப்பாலோடு வருவது. பொறுக்க முடியாத இடத்துக்கு இப்போது வருகிறேன்.

போன மே மாதம் எனக்கு மகள் பிறந்தாள். அன்று வானொலியில் நம் ஆட்டம். பதினோராவது சுற்று. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் சீறிப்போன பந்தை, மண்ணில் விழுந்து, முழங்காலிலிருந்தே எறிந்து அவுட் ஆக்கினார் ரென்னி. அறிவிப்பாளர் அலறுகிறார், நான் அலறுகிறேன், மகள் அலறிக்கொண்டே பூமிக்கு வருகிறாள். வேறு என்ன பெயர் வைப்பேன்? ரென்னி என்றே வைத்தேன்.

பிறப்புப் பதிவு எழுத வந்த நர்ஸ் கிளாடிஸ் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நம்ம ஓனர் யாருன்னு தெரிஞ்சுமா இந்தப் பேர் வைக்கிறே, கண்ணு?"

"ஏன், என்ன?"

"என் மூத்தவன் பேரு லாமர். ஆட்டக்கார லாமர் ஆகஸ்ட்ல ராஜாக்கள் சட்டையைப் போட்டுட்டான். அடுத்தவன் பேரு காஸிடி. அந்த ஆட்டக்காரனும் அங்கயே போயிட்டான். மூணாவதுக்கு எங்கம்மா பேரை வச்சேன். அவங்களை யாரும் வாங்கமாட்டாங்க."

கிளாடிஸ் எங்கே? அதோ, மூன்றாம் மேசையில் கையைத் தூக்குகிறாள். இந்தக் கூடத்தில் படகோட்டிகளின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் எத்தனை பேர்? தயவுசெய்து கையைத் தூக்குங்கள். தாத்தாமார்களும் தூக்கலாம். சரி. பெயருக்கு உரியவர் இன்னும் இங்கேயே ஆடுகிறார் என்பவர்கள் மட்டும் கையை வைத்திருங்கள், மற்றவர்கள் இறக்குங்கள்.

பார்த்தீர்களா.

என் ஒரு கைதான் நிற்கிறது.

வேறெந்த ஊரிலாவது பாலர் வகுப்பின் வருகைப் பதிவு, விற்றுப்போன ஆட்டக்காரர்களின் பட்டியலாக இருக்குமா? கேண்டேஸின் மகன் பெயரும் ஓர் ஆட்டக்காரனுடையதுதான். அவன் பிறந்த வருஷம் வந்த அந்த ஆள் இன்றும் அதே இடத்தில் நிற்கிறான். பையன் தொலைக்காட்சியைத் தொட்டு "நான், நான்" என்கிறானாம். ஞாயிறுதோறும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஞாயிறுதோறும் என் வயிறு எரிகிறது.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையை எல்லோரும் படித்தீர்கள். பயிற்சி முகாம் தொடங்குமுன் ரென்னியை ராஜாக்களுக்குக் கொடுத்துவிட்டு, நாளைக்கு நன்றாக ஆடுவார்கள் என்று நம்பப்படும் நான்கு பேரை வாங்கப்போகிறோமாம். நமக்கு எப்போதும் நாளைதான். அந்த நாளை வந்து சேரும்போது அதையும் ராஜாக்களிடம் விற்றுவிடுவோம்.

என்ன ஐயா? உரிமையாளர் அவர்கள் ஏதோ சொல்கிறார்கள். ஒலிபெருக்கியில் விழவில்லை, நானே சொல்கிறேன். "அவன் ரொம்ப அதிகமா கேக்கறான்மா. இந்த ஊர் தாங்காது" என்கிறார்.

நன்றி ஐயா. இந்த வார்த்தைக்காகத்தான் வியாழக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வியாழக்கிழமை மருந்துக்கடை வரிசையில் நிற்கிறேன். இடுப்பில் மகளுக்குக் காய்ச்சல். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறார். ரென்னி பட்டிஸ்டா. வரிசையில் தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். காது சிவந்துபோய் நின்றார் மனிதர். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டே விட்டேன்.

"எவ்வளவு கேட்டீங்க தம்பி? கொஞ்சம் கொறச்சுக்கக் கூடாதா?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க, மேடம். நான் ஒண்ணுமே கேக்கலை. என்னை யாராவது கூப்பிட்டுப் பேசினாத்தானே கேக்கறதுக்கு? ஒரு வருஷமா நானும் போனைக் கையிலயே வச்சிருக்கேன்."

"அங்க போனா நெறைய குடுப்பாங்களே?"

"குடுப்பாங்க. என் பொண்டாட்டி இங்க பல் டாக்டருக்குப் படிக்கிறா. இன்னும் மூணு வருஷம் பாக்கி. அவளை விட்டுட்டு அங்க போயி நான் யாருக்குப் பல்லைக் காட்டுறது?"

தலையைக் குனியாதீர்கள் ரென்னி. நீங்கள் சொன்னதைச் சபையில் சொல்லலாமா என்று கேட்டுத்தான் சொல்கிறேன். உங்கள் மனைவி அன்ஹேலா அதோ தலையாட்டுகிறார்.

மாண்புமிகு ப்ரூபேக்கர் அவர்களே, உங்கள் பெட்டியில் எத்தனை டாலர் என்று எனக்குத் தெரியாது. ராஜாக்களோடு போட்டிபோட முடியாது என்று நீங்கள் சொன்னால் நம்புகிறேன். தெருக்கடை நடத்துகிறவரிடம் போய்த் தங்க மாளிகை கட்டச் சொல்லும் மூடர்களில்லை நாங்கள். ஆனால் கேட்பதற்கு என்ன வரி? கூப்பிட்டு ஒரு காப்பி வாங்கிக்கொடுத்து, "தம்பி, இங்கேயே இருக்கிறாயா?" என்று கேட்பதற்கு எந்தக் கோடு குறுக்கே நிற்கிறது?

எனக்குப் பொறாமை என்றேன். எதன்மேல் என்பது வியாழக்கிழமைதான் எனக்கே விளங்கியது. அவர்கள் கோப்பைமேல் பொறாமை என்று நினைத்திருந்தேன். கோப்பை இல்லாமலே வாழ நாம் பழகிவிட்டோம். அவர்கள் மைதானத்தின்மேலா? நம் மைதானத்திலிருந்து ஆறு தெரிகிறது, படகு தெரிகிறது, அங்கே விளம்பரப் பலகைதான் தெரிகிறது. எனக்குப் பொறாமை அந்த அபராதச் சீட்டின்மேல். ஒரு மனிதன் தன் ஊரின்மேல் வைத்த ஆசையில் அளவு மறந்துவிட்டான் என்று லீக் முத்திரை குத்திக்கொடுக்கும் அந்தக் காகிதத்தின்மேல். ஆசை மிகுந்ததற்கு அபராதம் கட்டியவன் ஊரில் கேண்டேஸ் குடியிருக்கிறாள். ஆசையே வைக்காததற்கான அபராதத்தை நானும் நீங்களும் கட்டுகிறோம். நம் பிள்ளைகளின் பெயர்களால் கட்டுகிறோம்.

ஆகவே ஐயா, இந்தச் சபை சார்பில் என் கோரிக்கை. ஒரே ஒரு முறை, எங்களுக்காக ஒரு தவறு செய்யுங்கள். ஒரே ஒரு முறை உங்கள் கணக்காளர் தலையில் அடித்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு முறை அந்த அபராதத்தைக் கட்டுங்கள். காகிதத்தை எங்களிடம் கொடுங்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு இந்தக் கூடத்துச் சுவரில் மாட்டுகிறோம். கேண்டேஸுக்குப் படம் பிடித்து நானே அனுப்புகிறேன். கோடு ரொம்பத் தூரம் என்கிறீர்களா? தெரியும். முதல் அடியை ஏழாம் மேசைவரை வையுங்கள், போதும்.

மறுபடியும் ஏதோ சொல்கிறார். "இது அதுக்கான எடமில்லை, மார்சி" என்கிறார். எங்களுக்கு வேறு எந்த இடம் இருக்கிறது, ஐயா? உங்கள் அலுவலகத்தின் கதவு ரென்னிக்கே ஒரு வருஷமாகத் திறக்கவில்லை. இங்கே கதவு அகலமாக இருக்கிறது, தீயணைப்பு வண்டியே நுழையும்.

தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிட்டேன், தலைவரே. ஏழாம் மேசையில் ரென்னிக்கும் அன்ஹேலாவுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறோம். மெத்தை கிடையாது, மன்னிக்க வேண்டும். தட்டில் ஆறு பியரோகி சூடாக இருக்கிறது. நான் இப்போது இந்த மேடையைவிட்டு இறங்குகிறேன். படி இரண்டு பேர் சேர்ந்து இறங்கும் அகலம். ப்ரூபேக்கர் அவர்களே, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூன்றாவது படி வழுக்கும்.

இதுவரை பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறாமையைப் பொறுத்துக்கொண்ட தாய்மார்க்கும், ஹீட்டருக்குக் காசு கொடுத்தவருக்கும் என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

வாருங்கள் ஐயா.