மூன்று வாரத்தில் கறுத்த ரோஜா

“நிச்சயமாகி ஒரு மாசம் முடியல, பூ அழுகிப்போச்சு. இவளை நான் வீட்டுக்குள்ள விடணுமா?” என்று கீழ்வீட்டு ஸ்தெவ்கா கத்திக்கொண்டிருந்தபோது, நான் பால்கனியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் கார்லோவோ குடியிருப்பில் ஒட்டுக்கேட்க வேண்டியதே இல்லை. சுவர்களே சொல்லிவிடும்.

“அது வெறும் பூம்மா,” என்றான் அவள் மகன் கலோயான்.

“உங்கப்பாவும் வெறும் இருமல்னுதான்டா சொன்னாரு.”

ஸ்தெவ்காவுக்குச் சகுனம்தான் உயிர். காப்பிக் கோப்பையின் மண்டியைப் பார்த்துவிட்டுத்தான் பல் பிடுங்கவே போவாள். நான்கு மாடிக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

கலோயானுக்கு நிச்சயித்த ரலிட்சா, தன் நிச்சயப் பூங்கொத்திலிருந்து ஒரு ரோஜாவை என்னிடம் கொடுத்து, கல்யாணத்தன்று அணியப் பதக்கம் செய்யச் சொல்லியிருந்தாள்; பூக்களைப் பதக்கமாக்குவது என் தொழில். கண்ணாடிபோல் இறுகும் ரெசின் பசையை ஊற்றுவதற்கு முன் பூவை ஈரம் உறிஞ்சும் மணலில் பத்து நாள் புதைத்துவைக்க வேண்டும். நான் நான்காம் நாளே எடுத்தேன். கைத்தவறு இல்லை, எண்ணித்தான் எடுத்தேன். வெளியே சருகு, உள்ளே ஈரம். கொடுக்கும்போது பளபளத்தது. மூன்று வாரத்தில் தேயிலைச் சக்கை நிறம்.

ஸ்தெவ்கா மேலே ஏறி வந்தாள். “பென்கா, இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி ஆயிருக்கா?”

“ஒரே ஒருத்திக்கு. பாவம், புருஷன் போயிட்டான்.”

பொய்யில்லை. அந்த அம்மாளுக்கு எண்பத்திரண்டு வயது. அவள் கொண்டுவந்ததே கணவரின் மலர்வளையத்துப் பூ.

மறுநாள் ரலிட்சா வந்தாள், கண் வீங்கி. “பென்கா அத்தை, சரியாக் காயறதுக்குள்ள எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க நம்புவாங்க. இல்லேன்னா கல்யாணமே நின்னுடும்.”

காப்பி போட்டுக் கொடுத்தேன். “என் வேலையில தப்பு வராது, கண்ணு,” என்றேன். தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

கல்யாணம் நின்றது. நான் யாரையும் பிரிக்கவில்லை. ஒரு பூவுக்கே ஆட்டம் காணும் உறவு எத்தனை நாள் நிற்கும்? அந்தப் பெண்ணின் நல்லதுக்குத்தான் செய்தேன். செப்டம்பரில் ஸ்பெயினுக்கு ஓட்டல் வேலைக்குப் போனவள் என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

கலோயான் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தான். என் மகள் நெவெனாவிடம் தினமும் சூப் கொடுத்தனுப்பினேன். பிப்ரவரியில் அவர்களுக்குக் கல்யாணம். விருந்தில் இரண்டு கிளாஸ் ராக்கியா உள்ளே போனதும், மணலையும் நான்காம் நாளையும் பற்றி நெவெனாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே இருவரும் வர்னாவுக்குக் குடிபோய்விட்டார்கள். முகவரி தரவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மறதி அதிகம்.