சைபீரியாக்காரனின் முகம்

– இன்னும் அந்தத் தலையைத்தான் செதுக்கிட்டு இருக்கீங்களா, ஹஸ்னைன் அத்தா?

– லைட்டை மறைக்காதே, மெஹர். சனிக்கிழமை இர்விங் ஊர்ல நடக்கிற பொம்மை ஷோவுல இந்தச் சோல்ஜரை வைக்கணும்.

– பெட்டியில வந்த தலையே நல்லாத்தானே இருந்துச்சு? மூணு இஞ்ச் பொம்மைக்குப் ப்ளாஸ்டிக் சர்ஜரி!

– அது மாஸ்கோ தலை! இவன் சைபீரியாக் காட்டுல வேட்டையாடின ஜனம். ரெண்டாம் உலகப்போர்ல சோவியத் ஆர்மியில ஆயிரக்கணக்குல நின்னு சண்டை போட்டாங்க. பொம்மை செய்யறவன் எல்லாருக்கும் ஒரே மூஞ்சியை ஒட்டிட்டான்.

– அதுக்குத்தான் ஆசியா ஜாடை வேணும்னு ஜப்பான் சோல்ஜர் பொம்மையோட தலையை வெட்டி வச்சீங்களே?

– புத்தி கெட்டுப்போய் வச்சேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. லென்ஸுல பார்த்தா, பல்லை இளிச்சிட்டு நிக்கிறான். எதிரின்னு வெறுத்துச் செஞ்ச மூஞ்சி, மெஹர்! அதை இவன் கழுத்துல ஒட்டலாமா? அதான் புட்டி வச்சுக் கன்னம், மூக்கு எல்லாம் புதுசாப் பண்றேன். இந்தப் பெயிண்டைப் பாரு. ‘ஃப்ளெஷ்’னு லேபிள் ஒட்டி ரோஸ் கலரை அடைச்சிருக்கான். மனுஷத் தோலுன்னா இவனுக்கு ஒரே கலர்தானா?

– ஊர் பேர் தெரியாத பிள்ளைக்காக இவ்வளவு கோவம் வருது. நம்ம பிள்ளை ஹஸ்னைன் யூனிஃபார்ம்ல எப்படி இருப்பான்னு ஒரு தடவையாவது பார்த்தீங்களா?

– அந்தப் பேச்சை எடுக்காதே. இங்கே ரிச்சர்ட்சன்ல ஒழுங்காக் காலேஜ் படிச்சிட்டு இருந்தவன், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம அமெரிக்க ஆர்மியில சேர்ந்துட்டான். ஈராக்ல போய் யாரைச் சுடப்போறான்? அங்கே அவனை யாரு தன் ஆளுன்னு நினைப்பான்?

– அதை அவன்கிட்டயே கேட்டிருக்கலாம்ல? பேச்சை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு.

– கேட்டா போகாம நின்னுடுவானா?

– நிக்கமாட்டான். பயமா இருக்குன்னாவது உங்ககிட்ட சொல்லியிருப்பான். எங்கிட்ட சொன்னான்.

– பயமா இருக்குன்னானா? ஹஸ்னைனா?

– ம்.

– யா அல்லாஹ்... கார் சாவியை எடு. இன்னிக்குச் சாயங்காலந்தானே அவனுக்கு ஃப்ளைட்? நானே ட்ரைவ் பண்றேன். வழியில பேசிக்கிறேன். போ, அவனை எழுப்பு.

– டைமை மாத்திட்டாங்க. ஃப்ரெண்டு கார்ல காலையிலேயே போயிட்டான்.

– எங்கிட்ட சொல்லாமலா?

– சொல்லத்தான் வந்தான். இந்தக் கராஜ் கதவுகிட்ட யூனிஃபார்மோட நின்னான். நீங்க பொம்மையோட கண்ணைச் செதுக்கிட்டு இருந்தீங்க. “கூப்பிடாதீங்கம்மா, அத்தா கை ஆடிடும்”னு சொல்லிட்டுப் போயிட்டான்.